தாங்கல்: ‘பொறுப்பு’ என்னும் சொல்லாடல் பற்றிச் சில குறிப்புகள்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி (கொஞ்சம் தாமதமாகத்தான்) அங்கே நடந்த கட்டுரைப் போட்டிக்கு நடுவர் மூவரில் ஒருவனாக என்னையும் போட்டிருந்தார்கள். ‘இயற்கையைக் காப்பது மனிதகுலத்தின் பொறுப்பு’ என்பது தலைப்பு. நாற்பத்து மூன்று கட்டுரைகள். ரயிலுக்கு நேரம் இருந்ததால் பாடலாத்ரி நரசிம்மர் கோயில் குன்றின் நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து முடித்தேன். குடைவரைக் கோயில் அது. மூலவரை மலையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பதால் அவரைச் சுற்றவேண்டும் என்றால் மலையையே சுற்றவேண்டும். மனிதனும் இல்லை, மிருகமும் இல்லை, உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்று எல்லா இருமை எதிர்வுகளின் நடுவிலும் வந்து குந்தியிருக்கிற ஒரு கடவுள். கட்டுடைப்புக்காரர்களுக்கு இதைவிட வசதியான சாமி அமையாது. அந்த வசதியை இங்கே நான் பயன்படுத்திக்கொள்ளப் போவதில்லை. சொல்லவந்தது கட்டுரைகளைப் பற்றி.

நாற்பத்திரண்டு கட்டுரைகள் ஒரே பிரதி. மனிதன் இயற்கையின் குழந்தை என்று தொடங்கும். அந்தக் குழந்தை தாயை அழித்துக்கொண்டிருக்கிறான் என்று இரண்டாம் பத்தி. மூன்றாம் பத்தியில் ‘எனவே நாம்’ வந்துவிடும். நாம் மரம் நடவேண்டும், நாம் நெகிழியைத் தவிர்க்கவேண்டும், நாம் வருங்காலச் சந்ததிக்கு இந்தப் பூமியை ஒப்படைக்கவேண்டும். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. இந்தப் பிரதியை எழுதியவர்கள் அவர்கள் இல்லை. 1987இல் வந்த புருண்ட்லாண்ட் அறிக்கை, 1992 ரியோ மாநாடு, அதற்குப் பிறகான பாடநூல்கள் எல்லாம் சேர்ந்து எழுதி முடித்துவிட்ட ஒன்றைத்தான் அவர்கள் நகல் எடுத்திருக்கிறார்கள். நகல் எடுப்பதற்கு நாம் மதிப்பெண்ணும் கொடுத்துப் பழக்கியிருக்கிறோம்.

நாற்பத்து மூன்றாவது ஒரு பக்கம்கூட இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண். அதில் நான் அப்போதே குறித்துவைத்த வரிகள் இவை: ‘எங்க ஏரில தண்ணி இருந்தா கொக்கு வரும். இல்லேன்னா வராது. நாங்க ஒண்ணும் பண்ணல. எங்க ஆயா நூறு நாள் வேலைக்கு ஏரிக்குத்தான் போனாங்க. கரைல மண்ணு போட்டாங்க. கொக்கு வந்தப்போ ஆயாவ யாரும் கூப்டு காட்டல.’

தலைப்புக்குப் பொருந்தவில்லை என்றார் ஒருவர். கொச்சை என்றார் இன்னொருவர். நான் ஒரு பேச்சுக்கு மறுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆறுதல் பரிசு என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பிள்ளை எழுதியதில் ஒரு இலக்கணம் இருப்பது உறைத்தது. மற்றவர்கள் எல்லாரும் ‘நாம்’. அவள் மட்டும் ‘நாங்க’.

தமிழில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி இருக்கிறது. ‘நாம்’ என்பது கேட்கிறவனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ‘நாங்கள்’ என்பது அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பேசும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் அங்கே எழுதுகிறவர்கள் இதைக் கண்டுபிடிக்க ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது. திபேஷ் சக்ரவர்த்தி 2009இல் பருவநிலை பற்றி எழுதிய கட்டுரையில் உயிரினம் என்ற அளவில் மனிதர்களை ஒரு ‘நாம்’ ஆக எண்ண வேண்டியிருக்கிறது என்றபோது, எந்த நாம், புகைவிட்டவனும் வெள்ளத்தில் போனவனும் சேர்ந்த நாமா என்று பெரிய வாதம் எழுந்தது. அந்த வாதத்தை நம் மொழி தன் தன்மைப் பன்மைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறது. மனிதகுலம் என்பது ஒரு ‘நாம்’. ஆயா என்பது ஒரு ‘நாங்க’.

அடுத்தது ‘பொறுப்பு’. ஆங்கிலச் சொல்லின் வேரில் பதில் சொல்வது இருக்கிறது. யாரோ கேட்கிறார்கள், நீ பதில் சொல்லவேண்டும். ஹான்ஸ் யோனாஸ் 1979இல் ஜெர்மனில் எழுதிய பொறுப்பு பற்றிய நூல் இதை வேறு பக்கம் கொண்டுபோனது. எல்லாப் பொறுப்புக்கும் மூல மாதிரி பெற்றவர் சிசுவிடம் கொள்ளும் பொறுப்பு என்றார். சிசு எதையும் திருப்பித் தராது, ஒப்பந்தம் போடாது, அதன் இருப்பே ஓர் ஆணை. அழகான சிந்தனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இயற்கை சிசுவாகிவிட்டால் யாரோ ஒருவர் பெற்றவர் ஆகிவிடுகிறார். அந்த நாற்காலியில் யார் உட்காருவது? பெரும்பாலும் அரசு. இல்லையென்றால் அரசைப்போலப் பேசுகிற ஒருவர். ஃபூக்கோ சொன்ன மேய்ப்பன் அதிகாரம் ஆட்டுக்கு மட்டுமல்ல, மற்ற மேய்ப்பர்களுக்கும் மேலே இயங்குவது.

தமிழில் பொறுப்பின் வேர் ‘பொறு’. பொறுத்துக்கொள்வது, சுமப்பது, தாங்குவது. பொறை, பொறுமை, பொறுப்பு எல்லாம் ஒரே குடும்பம். வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போது உவமைக்கு எடுத்துக்கொள்வது மனிதனை அல்ல, நிலத்தை. தோண்டுகிறவனைத் தூக்கி எறியாமல் மேலே வைத்துக்கொண்டிருக்கிற நிலம். சொல்லின் போக்கில் போனால் நம் மொழியில் பொறுப்புள்ள முதல் ஆள் மண்தான். மனிதன் அங்கே தோண்டுகிறவன். நாம் இன்று நிலத்தைக் காக்கும் பொறுப்பு பற்றிப் பேசும்போது எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிவிட்டன என்பதைக் கவனிக்காமலேயே பேசுகிறோம்.

சொல்லாராய்ச்சியில் இப்படி எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம் என்பார்கள். நியாயம்தான். ஆகவே இடத்துக்கு வருகிறேன்.

*

இந்த வட்டாரத்தில் இயற்கைக்கான பொறுப்பு என்றால் எல்லாரும் கைகாட்டுவது வேடந்தாங்கலை. மதுராந்தகத்துக்குப் பக்கம், சுமார் 30 ஹெக்டேர் ஏரி. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும். தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நீர்க்காகம், பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் கூடு கட்டும். கோடை முற்றும்போது போய்விடும். இதைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதை இது: பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள்; ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள்; கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் கவுல் எழுதிக்கொடுத்து அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டார். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா 1872இல்தான் வந்தது, நாம் முக்கால் நூற்றாண்டு முந்திவிட்டோம் என்று பெருமைப்படுவதற்கும் இடம் உண்டு.

பெயரிலிருந்து தொடங்குவோம். தொண்டை நாட்டில் தாங்கல் என்றால் சின்ன ஏரி. மழைத்தண்ணீரைத் தாங்கி நிற்பது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று இன்றைக்குச் சென்னைப் புறநகரில் பேருந்து நிறுத்தங்களாக மிஞ்சியிருப்பவை எல்லாம் அந்தத் தாங்கல்கள். வேடந்தாங்கல் வேடனுடைய தாங்கல். பறவைக்காகப் புகழ்பெற்ற ஊரின் பெயரில் பறவையைப் பிடிக்கிறவன் இருக்கிறான். அது இப்போது ‘வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்’. தாங்கல் என்பதில் தண்ணீரும் வேடனும் கரையும் பறவையும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு கேட்கிறது. சரணாலயம் என்பதில் மேலே ஒருவர் இருக்கிறார், கீழே ஒருவர் அடைக்கலம் புகுகிறார். ஒரு பெயர்ப்பலகையிலேயே இரண்டு அதிகார அமைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

லயனல் பிளேஸ் சாதாரண ஆள் இல்லை. 1794 முதல் 1798 வரை கும்பினியின் ஜாகீர் என்று சொல்லப்பட்ட இந்தப் பகுதியின் கலெக்டர். யூஜின் இர்ஷிக் 1994இல் எழுதிய ‘உரையாடலும் வரலாறும்’ நூலில் பிளேஸ் ஒரு முக்கியப் பாத்திரம். காஞ்சிபுரம் கோயில் விழாக்களில் ஆர்வம் காட்டியவர், ஏரிகளைப் பழுதுபார்க்கச் செய்தவர், சிதறிக்கிடந்த குடிகளை நிலத்தில் நிலைநிறுத்த முயன்றவர். எல்லாம் வரி நிலையாக வரவேண்டும் என்பதற்காக. காலனிய அறிவு வெள்ளைக்காரன் மேலேயிருந்து திணித்தது மட்டுமல்ல, உள்ளூர் ஆட்களோடு நடந்த பேரத்திலும் பேச்சிலும் உருவானது என்பது இர்ஷிக்கின் வாதம். யாரோடு பேச்சு நடந்தது, யார் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை என்பதையும் கேட்டுக்கொண்டால்தான் அந்த வாதம் முழுமையாகும் என்பது என் எண்ணம்.

பிளேஸ் துரை இன்னொரு கதையிலும் வருகிறார். மதுராந்தகம் பெரிய ஏரி உடைகிற மாதிரி இருந்த ஒரு மழைக்கால இரவில், வில்லும் கையுமாக இருவர் கரையில் காவல் நிற்பதைப் பார்த்தார். ராமனும் லட்சுமணனும். ஏரி உடையவில்லை. நேர்ந்துகொண்டபடி தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தார். ஏரிகாத்த ராமர் கோயிலில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். ஒன்றில் சாமி ஏரியைக் காக்கிறது, துரை சாட்சி. இன்னொன்றில் துரை பறவையைக் காக்கிறார், ஊர் சாட்சி. இரண்டிலும் கரை தானாக நிற்கிறது. மண் வெட்டினவன் இல்லை, கூடை சுமந்தவள் இல்லை, மதகில் இறங்கி அடைத்தவன் இல்லை. ஏரி என்பது இயற்கை இல்லை. கரை போட்டு, வருஷா வருஷம் தூர் எடுத்து, உடைப்பை அடைத்து மனித உழைப்பால் நிறுத்திவைத்திருக்கிற ஒன்று. கொக்குக்கு அது தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியாமல் போனதெப்படி?

அந்த உழைப்பு காவியக் கதைகளில் இல்லாவிட்டாலும் சட்டத்தில் இருக்கிறது. 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரைக்கு ஆபத்து என்றால் சுற்றுவட்டாரத்தில் உள்ள ‘உழைக்கும் வகுப்பு’ ஆண்களை ஊர்த்தலைவர் வேலைக்கு வரச்சொல்லலாம், வர மறுத்தால் தண்டனை. குடிமராமத்து என்று நாம் உருகி உருகிப் பேசும் மரபின் சட்ட வடிவங்களில் இதுவும் ஒன்று. உழைக்கும் வகுப்பு என்றால் அன்றைய செங்கல்பட்டில் யார் என்று விளக்கவேண்டியதில்லை. கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். மனையில்கூட உரிமை இல்லாமல், மிராசுதாரின் தயவில் குடிசை போட்டு, அவன் நிலத்தில் பாடுபட்டவர்கள். அந்தக் குறிப்பின் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலமும் கைமாறிப் போய், அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனதும் இதே வரலாற்றின் தொடர்ச்சி. சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு பிடி நிலம்கூட இல்லாதவனைப் பார்த்துப் ‘பூமி நம் அனைவருக்கும் பொது’ என்று சொல்வதில் இருக்கும் ஆபாசம் புரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

ஆக 1798 கவுலைப் பற்றி நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்த ‘ஊர்மக்கள்’ யார்? ஊர் வேறு, சேரி வேறு என்றிருந்த இடத்தில் ஊர் சார்பாகக் கலெக்டரிடம் போய் நிற்கக்கூடியவர்கள் நிலம் உள்ளவர்கள்தான். அவர்களுக்குப் பறவையிடம் ஒரு பயனும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகும். காசில்லாத உரம். பறவையைச் சுட்டால் விளைச்சல் குறையும். இதில் கருணை எங்கே வந்தது? கொடுக்கல் வாங்கல்தான்.

இங்கே நிறுத்திக்கொண்டால் கட்டுரை முடிந்துவிட்டது. மனிதநேயக் கதையாடலைக் கட்டுடைத்தாயிற்று, அதன் அடியில் பொருளாதார நலன் இருந்ததைக் காட்டியாயிற்று. நம் சிறுபத்திரிகைகளில் பல கட்டுரைகள் சரியாக இந்த இடத்தில் மூட்டையைக் கட்டிவிடும். நானும் அப்படிச் சிலது எழுதியிருக்கிறேன். ஆனால் இதற்குப் பிறகு நடந்த ஒன்று எனக்குக் கணக்கில் வரவில்லை.

யூரியா வந்தது. 1970களுக்குப் பிறகு மூட்டை உரம் செங்கல்பட்டுக் கிராமங்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. பறவை எச்சத்தை நம்பித்தான் நெல் என்ற நிலை போனது. கொடுக்கல் வாங்கல் மட்டும்தான் அடிப்படை என்றால் அந்தக் கணக்கு அன்றோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. தீபாவளிக்கு வேடந்தாங்கலில் வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைத்து, தலைமுறை தலைமுறையாக. ஒரு நாள் கூத்து இல்லை. ஒரு கிராமத்துப் பிள்ளைக்குத் தீபாவளியில் வெடி இல்லை என்றால் அது எவ்வளவு பெரிய சுமை என்பது நகரத்து நடுத்தர வர்க்கத்துப் பசுமை ஆர்வலர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இதைச் செய்தவர்களில் ஊரும் உண்டு, சேரியும் உண்டு. பயன் போன பிறகும் பழக்கம் தங்கிவிட்டது.

எச்சம் என்ற சொல்லுக்குத் தமிழில் மிச்சம் என்றும் பொருள், பறவைக் கழிவு என்றும் பொருள், ஒருவர் விட்டுப்போகும் வழித்தோன்றல் என்றும் பொருள். முடிவு பெறாத வினையையும் எச்சம் என்றுதான் சொல்கிறோம். கொடுக்கல் வாங்கல் தீர்ந்த பிறகு எஞ்சுவதை வெறும் கருத்தியல் மயக்கம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பொறுப்பு என்று ஒன்று உண்டென்றால் அது கணக்கு முடிந்த இடத்தில்தான் தொடங்குகிறதோ என்னவோ. அதைப் பிளேஸ் துரையும் தரவில்லை, ரியோ மாநாடும் தரவில்லை.

*

அரசு பொறுப்பேற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வேடனைத்தான் கேட்கவேண்டும். செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்களுக்கு வில்லியர் என்றும் ஒரு பெயர் உண்டு. வேடந்தாங்கல் பெயரிலுள்ள வேடன் அவர்களுடைய முன்னோர் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வேடன் என்ற சொல் இன்றைக்கு உயிரோடு யாரையாவது குறிக்குமானால் அது இவர்களைத்தான் முதலில் குறிக்கும். வயல் எலி, ஈசல், தேன், கிழங்கு, பாம்பு. பாம்புத்தோல் வியாபாரிகள் இவர்களிடம் தோல் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. தோலில் பணம் பண்ணிய வியாபாரிக்கு வேறு சரக்கு இருந்தது. பிடித்துக் கொடுத்தவனுக்கு அடுப்பு அணைந்தது, கூடவே அவன் பாட்டன் தொழில் குற்றமும் ஆனது. பாம்பின்மேல் மனிதகுலம் பொறுப்பேற்றுக்கொண்ட நாளில் இருளர் மனிதகுலத்துக்கு வெளியே நின்றார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அதன் இடம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து மண்பானையில் சில வாரம் வைத்து, சில தடவை விஷம் எடுத்து, மறுபடி அதே பாம்பைப் பிடித்தால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து விஷமுறிவு மருந்து. இந்தியாவில் எந்த வயல்வெளியில் யாரைப் பாம்பு கடித்தாலும் ஏறும் மருந்தில் இருளர் கைபட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பாம்பு பிடிக்க அரசின் அனுமதி வேண்டும், எத்தனை பாம்பு என்ற எண்ணிக்கையும் மேலேயிருந்துதான் வரவேண்டும். எந்தப் புற்றில் என்ன இருக்கிறது என்று தடம் பார்த்துச் சொல்கிறவன், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும்.

இந்த உறவில் தூய்மை எதுவும் இல்லை. பாம்புக்கு நோகும். பிடிக்கிறவனுக்குக் கடி விழும். வேட்டையும் காப்பும் ஒரே கையில். இயற்கையைத் தொடாமல் வேலிக்கு வெளியே நின்று காப்பதுதான் பொறுப்பு என்னும் அமெரிக்க வனாந்தரக் கருத்தாக்கத்தை ராமச்சந்திர குஹா 1989இலேயே மூன்றாம் உலகப் பார்வையில் கேள்வி கேட்டார். இருளர் பானைக்குள் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சுருண்டு கிடக்கிறது. அந்தப் பதிலைக் கோட்பாடாக ஆக்கி மேடையில் வைத்துவிடவும் பயமாக இருக்கிறது. அடுத்த நிமிஷமே ‘பழங்குடி ஞானம்’ என்று பொட்டலம் கட்டிவிடுவார்கள்.

பொட்டலம் கட்டுவது என்றதும் திணைக் கோட்பாடு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்திணை வகுத்த தமிழன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சூழலியலாளன் என்ற பேச்சு இப்போது பலத்த செல்வாக்குடன் இருக்கிறது. நிலமும் பொழுதும் கருப்பொருளும் உரிப்பொருளும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதாகக் கண்டது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே சங்கப் பாட்டுத்தொகையில் பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும்போது காட்டை அழித்து ஊராக்கியதையும் குளம் தோண்டியதையும் ஒரே மூச்சில் சாதனையாகச் சொல்கிறது. தொண்டை மண்டலத்தின் தலைக்கதையோ குறும்பர்களை அடக்கி வேளாளரைக் குடியேற்றிய ஆதொண்டன் கதை. நம் ஏரிகளின் அடியில் ஒரு காடும் அந்தக் காட்டின் ஆட்களும் கிடக்கிறார்கள். திணையை வாசிக்கிறவர்கள் அதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

*

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்குப் பாதகமான ஒரு விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். 1998இல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊர்கள், வயல்கள், வேறு ஏரிகள் எல்லாம் அதற்குள் வந்தன. பறவை கூட்டில்தான் இருக்கும், இரை தேடப் போவது இந்த வயலுக்கும் ஏரிகளுக்கும் என்பதால் அந்த வட்டத்தில் அர்த்தம் இருந்தது. 2020இல் அதை மூன்று கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு ஒன்றை மாநில வனத்துறை எடுத்துச்சென்றது. வெளிவட்டத்தை விடுவிப்பது பாதுகாப்பை ஒழுங்குபடுத்தத்தான் என்று சொல்லப்பட்டது. வட்டத்துக்குள் இயங்கிவந்த ஒரு மருந்துத் தொழிற்சாலை விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்டிருந்த சமயம் அது. எதிர்ப்பு பலமாக எழுந்தது, முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

அந்த எதிர்ப்பு எந்த மொழியில் பேசியது? நான் மேலே பிரித்துப்போட்ட அதே கதையின் மொழியில்தான். ஊர்மக்கள் இருநூறு வருஷம் காத்த பறவைகள், வெடி வெடிக்காத தீபாவளி, கலெக்டர் துரையின் கவுல். உழைக்கும் வகுப்பு, மிராசு, மேய்ப்பன் அதிகாரம் என்றெல்லாம் பேசியிருந்தால் ஒரு ஆள் நின்று கேட்டிருக்கமாட்டான். அந்த வெகுளியான ‘நாம்’தான் வேலைசெய்தது. போதாக்குறைக்கு, மனிதகுலம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் கட்டமைக்கப்பட்டது என்ற என் வாதத்தை ஒரு நிறுவனத்தின் வக்கீல் எடுத்துக்கொண்டால் எனக்கு முன்னால் ஓடிவிடுவார். மனிதகுலமே இல்லை என்றால் பொறுப்பும் யாருக்கும் இல்லை. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. கதையைக் கைவிடச் சொல்லவில்லை, விடுபட்டவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் சொல்ல முடிகிறது. ஏரிகாத்த ராமர் இருக்கட்டும். ஏரிகாத்த ஆயாவுக்கும் கல்லில் இரண்டு எழுத்து வேண்டும். அப்படிச் சேர்த்தால் கதை அதே வீரியத்தோடு நிற்குமா என்று கேட்டால், நிற்காமலும் போகலாம்.

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்று தவம் செய்யும் ஒரு பூனை உண்டு. சுற்றிலும் எலிகள். பொய்த் தவசி என்று வழிகாட்டி சொல்ல, சுற்றுலா வருகிறவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மனிதகுலத்தின் பொறுப்பு என்று மேடையில் யாராவது கைகூப்பும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை ஞாபகம் வரும். அதே கடற்கரையில் மாசிமகப் பௌர்ணமிக்கு இருளர்கள் பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் சேலையாலும் துணியாலும் கூடாரம் போட்டுத் தங்கி, விடியற்காலையில் கன்னியம்மனைக் கடலிலிருந்து வரவழைத்துக் கும்பிடுகிறார்கள். கல்யாணங்கள் நடக்கும். மறுநாள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். சிற்பத்துக்கு வேலி உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு, யுனெஸ்கோ பட்டியலில் 1984 முதல் இடம் உண்டு. இந்த மணலுக்கு எந்தப் பலகையும் இல்லை.

போட்டிக்குப் பிறகு பள்ளி ஆண்டுமலரில் பரிசு பெற்ற கட்டுரைகளை அச்சிட்டார்கள். பிழை திருத்திக் கொடுக்கச் சொல்லி என்னிடம்தான் தந்தார்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுத்தேன். மலர் வந்த பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்தைப் புரட்டினால், ‘நீர் இருந்தால் ஏரிக்குக் கொக்குகள் வரும். நாம் எதுவும் செய்யவில்லை’ என்று இருக்கிறது. ஆயா வருகிற வரிகள் இடம் போதாமல் விடுபட்டிருந்தன. ‘நாங்க’வை ‘நாம்’ ஆக்கியது என் பேனாதான். பழைய தாளை எடுத்துப் பார்த்தேன், என்னுடைய பச்சை மைதான்.